அடுக்கிவைத்த கண்ணாடி ஏன் வெளுக்கிறது?

கேள்வி: காட்பாடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பயந்து ஷீட்களைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினேன். தை பிறந்து பிரித்தால், நடுவில் இருந்தவற்றில் வெள்ளைப் படலம். துடைத்தால் போகவில்லை. பூஞ்சை என்கிறார்கள். கல்பாக்கத்தில் அணுக்கழிவையே கண்ணாடியில் அடைக்கிறார்களாமே, அதற்கும் இதே கதிதானா?

பதில்: முதலில் படலத்தின்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கரைந்தால் அது நம் போர் தண்ணீரின் உப்புக்கறை, கழுவினால் போய்விடும். கரையாவிட்டால் ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறம் ஓடினால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. பூஞ்சைக்கு இதில் வேலையில்லை.

ஜன்னல் கண்ணாடியில் 100-க்கு 13, 14 பங்கு சோடியம் ஆக்சைடு. விடியற்காலையில் இரண்டு ஷீட்டுக்கு நடுவே கோக்கும் ஈரம் மயிரிழை கனம்தான். சோடியம் அதில் கசிந்து, வெளியேற வழியில்லாமல் காரம் ஏறிக்கொண்டே போகிறது. காரத்தை அளக்கும் பிஎச் எண் 9-ஐத் தாண்டினால், கண்ணாடியைக் கட்டிவைத்திருக்கும் சிலிக்கா வலையே அவிழ ஆரம்பிக்கும். மழையில் நனையும் ஜன்னல் வருஷக்கணக்கில் தெளிவாக இருப்பது, மழை அந்தக் காரத்தைக் கழுவிவிடுவதால்தான்.

கல்பாக்கம், தாராப்பூரில் கழிவோடு சேர்த்து உருக்குவது போரான் கலந்த போரோசிலிக்கேட் கண்ணாடி. அதிலிருந்து கரையும் போரான், நீரின் பிஎச்சை 9-ஐ ஒட்டியே பிடித்துவைக்கும். தேங்கிய நீரில் சிலிக்கா நிறைந்ததும் கண்ணாடிமேல் ஜெல் போன்ற தோல் படியும், அரிப்பு வெகுவாக மந்தமாகும். பிரான்ஸின் எம்பியே தீவருகே சுமார் 1800 வருஷம் கடலடியில் கிடந்த ரோமானியக் கண்ணாடிக் கட்டிகளில், அரிபட்ட பொருளே விரிசல்களை அடைத்து உள்ளே சேதத்தைக் குறைத்திருந்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த சான்று இதுதான்.

கவலையும் உண்டு. சில சூழலில் ஜியோலைட் என்ற அலுமினிய-சிலிக்கா கனிமப் படிகங்கள் வளர்ந்து அந்தத் தோலைத் தின்றால் அரிப்பு மறுபடி வேகமெடுக்கும். கழிவுக் கண்ணாடியை அடைக்கும் எஃகு உறையும் கண்ணாடியும் ஒட்டும் இடுக்கில் இரண்டுமே கூடுதலாக அரிபடும் என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்குக் கண்ணாடியை மட்டும் நம்பக்கூடாது. எஃகு உறையும், அதைப் புதைக்கும் ஆழத்துப் பாறையும் சேர்ந்துதான் காக்க வேண்டும்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காற்று விடுங்கள். ஷீட்களை மரக்கட்டைமேல் நிறுத்தி, நடுவே உலர்ந்த காகிதம் வையுங்கள். நனைந்த காகிதத்தை அன்றே மாற்றுங்கள். லேசான படலம் சீரியம் ஆக்சைடு பாலிஷில் போகும். நகம் வைத்தால் சொரசொரப்பாக இருக்கும் பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுங்கள், அதை ஒருபோதும் முகம்பார்க்கும் கண்ணாடிக்குக் கொடுக்காதீர்கள்.