லைன்மேன், மின்நிலைய வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

முப்பது வருஷத்துக்கு மேல் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் நாலை எடுத்துக்கொள்கிறேன்.

பத்தாவது முடித்திருக்கிறேன். ஐடிஐயில் வயர்மேனா, எலக்ட்ரீஷியனா?

இரண்டும் 2 வருஷம்தான். வயர்மேனுக்கு எட்டாவதே போதும். பத்தாவது கையில் இருக்கிறதே தம்பி, எலக்ட்ரீஷியனே எடுங்கள். மோட்டார், டிரான்ஸ்பார்மர் பாடம் கூடுதலாக வரும். லைன் வேலை கிடைக்காவிட்டாலும் மில்லுக்குப் போகலாம். அப்புறம் அப்ரண்டிஸ் பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள்.

கம்பம் ஏற எனக்குப் பயமே இல்லை. அது போதாதா அண்ணே?

ஏறுவது பழகப் பழக வந்துவிடும். பயமில்லாத ஆளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஒருமுறை 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைனில் வேலை. எல்சி (லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கியாச்சு, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டும் போட்டாச்சு. கூட வந்த பையன் உடனே ஏறப் பார்த்தான். இருடா என்று, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடைத் தூக்கி லைனில் மாட்டினேன். படாரென்று பொறி! தெருவில் ஒரு கடைக்காரர், ஜெனரேட்டர் கரண்ட் லைனுக்குப் போகாமல் பிரித்துவைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார். கீழே 400 வோல்ட்டாகப் புகும் கரண்ட், டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பினால் மேலே 11,000.

அதனால் எர்த் ராட் விஷயத்தில் ஒரே வரிசைதான். முதலில் மண் பக்கத்துக் கிளாம்பை முறுக்கவேண்டும், பிறகுதான் லைனில் கொக்கி. கழற்றும்போது தலைகீழ். நான் பையன்களுக்கு முதல் வாரம் முழுக்க இதைத்தான் செய்யவைப்பேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தேன். அனல் மின்நிலையத்தில் இடம் உண்டா?

தாராளமாக. பாய்லர், டர்பைன், நிலக்கரி பெல்ட் எல்லாம் உங்கள் ஆட்களின் பேட்டைதான். மத்திய அரசின் மின் பயிற்சி நிறுவனம் நெய்வேலியிலேயே இருக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிற டர்பைன் திடீரென்று டிரிப் ஆனால் (தானாக நின்றுபோனால்) என்ன செய்வது என்பதை சிமுலேட்டரில் தப்பு செய்து பழகிக்கொள்வது நல்லது.

அப்பாவோடு 6 வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறேன். சான்றிதழ் இல்லை. எனக்குச் சிவப்பு நிறமும் சரியாகத் தெரியாது.

சான்றிதழுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. அறிவிப்பு பேப்பரில் வரும். வயது 21 ஆகியிருக்கவேண்டும், 5 வருஷ அனுபவம் கேட்பார்கள்.

ஆனால் முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். சிலருக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். த்ரீ பேஸ் இணைப்பில் சிவப்பு பேஸையும் கறுப்பு நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், 230 வோல்ட் போகவேண்டிய வீட்டு ஃபிரிட்ஜுக்கு 400 போகும்.