மூளைக்கான மாத்திரை விதைக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: மன அழுத்தத்துக்காக எட்டு மாதமாக பராக்ஸிடின் 20 மி.கி. சாப்பிடுகிறேன். திருமணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?
*– பெயர் வேண்டாம், திருச்சி*

நீங்களாக நிறுத்தாதீர்கள். பராக்ஸிடின் உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்து. சட்டென்று விட்டால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரும்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்த மாத்திரை மூளையில் தூக்கிவிடும் செரடோனின் என்ற ரசாயனம் மூளைக்கு மட்டும் சொந்தமல்ல, விதையிலும் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களை அது மட்டுப்படுத்துவதை வெள்ளெலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. ஆரோக்கியமான 35 ஆண்களுக்கு ஐந்து வாரம் பராக்ஸிடின் கொடுத்தார்கள். விந்தணு எண்ணிக்கை, நகர்வு, வடிவம் எதுவும் மாறவில்லை. ஆனால் விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவு மட்டும் சராசரி 13.8 சதவீதத்திலிருந்து 30.3-க்கு ஏறியிருந்தது. வழக்கமான பரிசோதனை இதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் 'நார்மல்' அந்த அளவுக்குத்தான் நார்மல்.

டி.என்.ஏ. சிதைவுப் பரிசோதனையைத் தனியாகக் கேட்டு எடுங்கள். 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளுடன் மனநல மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாறவோ முடியுமா என்று கேளுங்கள். மாறிய பிறகு மூன்று மாதம் கழித்தே மறுபரிசோதனை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், எபிடிடிமிஸ் குழாயில் பக்குவப்பட்டு வெளியே வர மேலும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அடுத்த மாதமே எடுத்துப் பார்த்தால் பழைய மாத்திரைக் காலத்து விந்தணுவையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதுவரை மனைவிக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: முதுகு வலிக்கு ஒரு வருடமாக டிரமடால். ஆசையும் விறைப்பும் குறைந்துவிட்டன. ஜிம்மில் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார். குழந்தையும் வேண்டும்.
*– வாசகர், மதுரை*

ஜிம்காரர் சொன்னதைக் கேட்டால் இருப்பதும் போகும். ஏன் என்று பார்ப்போம்.

உடலே சுரக்கும் ஓபியம் வகைப் பொருள் பீட்டா எண்டார்ஃபின். லேடிக் செல்கள் அதைச் சுரந்து, பக்கத்தில் விந்தணுவை வளர்க்கும் செர்டோலி செல்களுக்கு லேசாக பிரேக் போடுகின்றன. ஆனால் அதே ஓபியம் வகை மருந்துகளான டிரமடால், கோடீன், மார்ஃபின் ஆகியவற்றின் பெரிய அடி விழுவது மூளையில். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞை மங்குகிறது, அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி விடும், விதையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் இறங்குகிறது, விதை வேலையில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். கூடவே பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஹார்மோன்களும். டெஸ்டோஸ்டிரோனும் குறைந்து, எல்.எச்.-சும் ஏறாமல் இருந்தால் கோளாறு மேலே மூளையில், மருந்தைச் சந்தேகிக்கலாம். எல்.எச். எகிறியிருந்தால் கோளாறு விதையிலேயே.

விந்தணு வளர விதைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. ஊசி ரத்தத்தின் அளவைத்தான் ஏற்றும். அதைப் பார்த்து மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும், விதைக்குள் வறட்சி. சில மாதத்தில் விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். குழந்தை வேண்டுமென்றால் இந்த ஊசி கூடாது. டிரமடாலையும் மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: கஞ்சா செடிதானே, விந்தணுவை என்ன செய்யும்?
*– கல்லூரி மாணவர், கோவை*

அரளியும் செடிதான். 1992-இல் ஜெருசலேம் விஞ்ஞானிகள், கஞ்சா சாவிபோலப் போய்ப் பொருந்தும் அதே பூட்டில் (செல்லின் ஏற்பியில்) பொருந்தும் ஒரு பொருளை உடலுக்குள்ளேயே கண்டுபிடித்து, 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூட்டு விந்தணுவின் மேலும் இருக்கிறது. எப்போது வேகமெடுப்பது என்பதை ஒழுங்குபடுத்த உதவுகிறது. வெளியிலிருந்து வரும் சரக்கு அந்தக் கணக்கைக் குழப்பும். டென்மார்க்கில் 1,215 இளைஞர்களை ஆராய்ந்தபோது, வாரம் ஒரு தடவைக்கு மேல் புகைத்தவர்களின் விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது.

கேள்வி: வீட்டிலேயே விந்து மாதிரி எடுத்துக் கொண்டு போகலாமா?
*– வாசகர், ஈரோடு*

போகலாம். அதற்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். லேப் கொடுத்த டப்பாவில் மட்டும் எடுங்கள். சோப்பு, எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை ஆகாது. மூடியை இறுக்கி, சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஏ.சி. காரின் டேஷ்போர்டில் வைத்தால் குளிரில் நகர்வு குறைந்து தெரியும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம். அது டப்பாவுக்கு வெளியே போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கடைசி மூன்று மாதத்தில் சாப்பிட்ட மாத்திரைகள், வந்த காய்ச்சல் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள்.