பைபாஸ் முடிந்த முதல் இரண்டு நாட்கள்: ஐசியூவுக்குள் நடப்பது என்ன?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு. அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை. முதல் இரண்டு நாட்கள் ஐசியூவில் உடனிருக்க விட மாட்டார்களாம். அப்பாவுக்கு மலையாளம் அரைகுறையாகத்தான் புரியும். உள்ளே என்ன நடக்கும்? வெளியே காத்திருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்? (செங்கோட்டை வாசகி)

பதில்: அறுவை அரங்கிலிருந்து கொண்டுவரப்படும்போது அப்பா மயக்கத்தில், வாய் வழியே செலுத்திய குழாயுடன் வென்டிலேட்டரில் இருப்பார். கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊசிக்குழாய்கள், மார்புக்குக் கீழே கசியும் இரத்தத்தை வெளியே வடிக்கும் டிரெய்ன் குழாய்கள், சிறுநீர்க் குழாய், சிலருக்கு இதயத் துடிப்பைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய பேஸ்மேக்கர் கம்பிகள் என எல்லாம் ஒரே பார்வையில் கண்ணில் படும்போது யாருக்கும் நெஞ்சு பதறும். இவை அனைத்தும் முன்பே திட்டமிட்டு வைக்கப்படுபவை. ஏதோ தவறு நேர்ந்ததன் அடையாளம் அல்ல.

முதல் சில மணி நேரத்தில் செவிலியரின் முழுக் கவனமும் இரத்தக் கசிவின் மீது இருக்கும். டிரெய்னில் எவ்வளவு வடிந்தது என்பதை மணிக்கு மணி குறித்துக்கொள்வார். பொதுவாக மணிக்கு 200 மில்லியைத் தாண்டினால் அறுவை மருத்துவருக்கு உடனே தகவல் போகும். அதைவிட நுட்பமான அபாயம், நன்றாக வடிந்துகொண்டிருந்தது திடீரென நின்றுபோவது. குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் கசிவு இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை அழுத்தும். இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும், கழுத்து இரத்தக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். ஆகவே டிரெய்னில் ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். தனியாக ஓர் எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த எண்கள் எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைக் கண்டறிவதே செவிலியரின் திறமை.

சிறுநீர், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மில்லி. அறுவையின்போது குளிர்ந்திருந்த உடல் மெதுவாகச் சூடேறுகையில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறைவதும் உண்டு. உடல் நடுங்கினால் ஆக்சிஜன் தேவை கூடும் என்பதால் போர்த்தி வெதுவெதுப்பாக வைப்பார்கள். இரத்தச் சர்க்கரை 180க்கு மேல் போகாதபடி இன்சுலின் ஓடும். வீட்டில் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இன்சுலினா என்று கலங்க வேண்டாம், அறுவைக் காயம் ஆறுவதற்கு இந்தக் கட்டுப்பாடு அவசியம். இரண்டாம் மூன்றாம் நாளில் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது நூற்றில் 20 முதல் 40 பேருக்கு நேர்கிறது. பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச்சு வராது, கையைக் கட்டி வைத்திருக்கவும் கூடும், அது சில மணி நேரம்தான் என்று அப்பாவிடம் அறுவைக்கு முந்தைய நாளே நிதானமாகச் சொல்லுங்கள். இதை முன்பே அறிந்தவர் குழாயைப் பிடுங்க முயல்வது குறைவு. வலி, தாகம், குளிர், மூச்சு முட்டுகிறது போன்ற சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் செவிலியரிடம் கொடுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றையும் கொடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்கு ஐசியூவில் இரவு பகல் தெரியாமல் மனக்குழப்பம் வருவது சகஜம். பார்க்க அனுமதிக்கும் ஐந்து நிமிடத்தில் அழாமல், பேத்தியின் பெயரையும் வீட்டு விஷயத்தையும் பேசுங்கள். பழகிய குரல் உண்மையிலேயே உதவுகிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தினமும் மது அருந்தும் பழக்கம் இருந்தால் மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள். குடி நின்ற இரண்டு மூன்று நாட்களில் நடுக்கம், வேகத் துடிப்பு, பிதற்றல், சிலருக்கு வலிப்புகூட வரும். காரணம் தெரியாவிட்டால் அதை இதயக் கோளாறாகவோ மூளைப் பாதிப்பாகவோ எண்ணி நேரம் வீணாகும். முன்பே தெரிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது. புகையிலையும் வைத்தியரிடம் வாங்கிச் சாப்பிடும் நாட்டு மருந்தும்கூடச் சொல்லப்பட வேண்டியவையே.

தொண்டைக் குழாயை எடுத்த பிறகு குரல் சில நாள் கரகரக்கும். அதன்பின் அப்பாவின் பெரிய வேலை மூச்சை இழுப்பதும் இருமுவதும்தான். தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்து இருமச் சொல்லுங்கள். அறுவைக்காகப் பிளந்த நடு மார்பெலும்பைக் கம்பியால் இணைத்திருப்பார்கள், அதைப் பாதுகாக்கும் வழி இது. வலி பொறுக்க முடியாமல் இருமாமல் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். ஆகவே வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டாம், மருந்து கேட்கலாம் என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

கஞ்சியோ இளநீரோ செவிலியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குழாய் எடுத்த உடன் விழுங்குவது சரியாக இருக்காது, புரை ஏறும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, அதை அவர்கள் இரத்தப் பரிசோதனையில் அளந்தே நிர்வகிக்கிறார்கள். பார்வை நேரத்தில் மூன்று கேள்விகள் போதும்: இரத்தக் கசிவு குறைகிறதா, சிறுநீர் சரியாக வருகிறதா, எப்போது வென்டிலேட்டரை எடுப்பீர்கள்?