ஏரித் தீவில் ஜீப் ஓட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். பழைய ஜீப் ஒன்று வாங்கிப் பெரிய டயர் மாட்டியிருக்கிறேன். அதைப் படகில் ஏற்றிப் பழவேற்காடு ஏரித் தீவுகளில் விட்டு, மணல் தடங்களில் ஓட்ட ஏற்பாடு செய்வதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். அனுமதிக் கடிதமும் வாங்கித் தருவாராம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழையவே அனுமதி வேண்டும். அதைத் தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அலுவலர். சுற்றுலாவுக்கும் அனுமதி உண்டு என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். சுற்றுலா அனுமதி சேற்றில் வண்டி இறக்கும் உரிமை ஆகாது. வாழிடத்தைச் சிதைப்பது தனிக் குற்றம். முத்திரை குத்திய தாளைக் காட்டினால், எந்த அலுவலகம், யார் கையெழுத்து என்று கேட்டு அங்கேயே நேரில் போய் விசாரியுங்கள். அந்தக் கேள்விக்கே ஆள் காணாமல் போய்விடுவார்.

'சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே வண்டிகள் போகின்றனவே?' என்பார்கள். பொதுச்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து செல்பவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் விலக்கு சாலைக்கு மட்டும்தான், சாலையோரச் சேற்றுக்கு இல்லை. தார்ச்சாலையை விட்டு நான்கு சக்கரமும் இறங்கியதும் விலக்கும் முடிந்தது. படம் எடுக்கத்தான் இறங்கினேன், திரும்ப இடமில்லை என்பதெல்லாம் செல்லாது. இதைப் பலமுறை சொல்லியும் கேட்பவர்கள் குறைவு.

அந்தச் சேற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே உப்புப் பூத்து வெளுத்துக் காய்ந்திருக்கும். ஒரு விரற்கடைக்குக் கீழே கரிய குழம்பு. முன்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டால் கயிறு கட்டி இழுக்க உறுதியான நிலமே கிடைக்காது. பூநாரைகள் இரை தேடுவதும் இந்தச் சேற்றில்தான்.

படகு விஷயம் இன்னும் மோசம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகில் ஜீப்பை ஏற்றுகிறேன் என்பவருக்கு உங்கள் உயிர் ஒரு பொருட்டே அல்ல.

உங்கள் டயரையும் கவனியுங்கள். பதிவுச் சான்றிதழுக்கு ஒவ்வாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே காரணமாகக் காட்டும். டயரை விற்ற கடையில் இதை எவரும் சொல்வதில்லை.

அரசு மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. சரணாலய எல்லை எங்கே தொடங்குகிறது என்று வருகிறவனுக்குப் புரியும்படி ஒழுங்காகப் பலகை வைத்தால் தரகருக்குப் பிழைப்பே இருக்காது. அதைச் செய்ய எத்தனை ஆண்டு வேண்டும்?

மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போங்கள். பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கப் பக்கம் சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடும் கடற்கரை அது. மணலில் சக்கரம் படக்கூடாது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். உப்புக் காற்று பிரேக் குழாயை விரைவில் அரித்துவிடும்.