எரிமலை ஏரியில் எதை அளப்பது?

கேள்வி: இந்தோனேசியாவின் காவா ஈஜென் ஏரியில் பி.எச். அளவு 0.5-க்கும் கீழே என்று படித்தேன். இப்படிப்பட்ட ஏரிகளைக் கண்காணிக்க ஆய்வகத்து பி.எச். மீட்டர் போதாதா? நம் மகாராஷ்டிரத்து லோணார் ஏரியும் இதே வகையா?
– வேதியியல் மாணவி, முலுண்டு, மும்பை

பதில்: லோணார் எரிமலை வாய் அல்ல. தக்காணத்து பசால்ட் பாறையில் விண்கல் மோதி உண்டான பள்ளம் அது. தண்ணீரும் காரத்தன்மை உள்ளது, பி.எச். 10-ஐ ஒட்டியிருக்கும்.

ஈஜெனில் அடியிலிருந்து கிளம்பும் கந்தக டை ஆக்சைடு, நீரோடு வினைபுரிந்து சல்ஃபூரிக் அமிலமும் கந்தகமுமாக மாறுகிறது. ஹைட்ரஜன் குளோரைடும் ஃபுளோரைடும் கூடவே வந்து கரைகின்றன.

மீட்டர் மட்டும் போதாது. பி.எச். மடக்கை அளவு, அதாவது ஓர் அலகு மாறினால் அமிலம் பத்து மடங்கு மாறும் என்பதால், ஏரி நீர் மழையால் இரட்டிப்பானாலும் 0.3 என்பது ஏறத்தாழ 0.6 ஆகும், அவ்வளவுதான். தவிர, 1-க்குக் கீழே கண்ணாடி மின்முனை பிழையாகக் காட்டும். பி.எச். 4, 7 பஃபர்களோடு (பி.எச். மாறாமல் நிற்கும் ஒப்பீட்டுக் கரைசல்களோடு) நிறுத்தாமல் 1.68 பஃபரையும், செறிவு தெரிந்த சல்ஃபூரிக் அமிலக் கரைசல்களையும் வைத்து அளவு திருத்த வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஓர் அலகுக்கு 59 மில்லிவோல்ட் மாற்றம் வருகிறதா என்று பாருங்கள். எங்கே குறையத் தொடங்குகிறதோ, அதற்குக் கீழே அந்த மின்முனையை நம்பாதீர்கள்.

நியூசிலாந்தின் ருவாபெஹு எரிமலை ஏரியில் வெப்பநிலையோடு மெக்னீசியம்–குளோரைடு விகிதத்தையும் கவனிக்கிறார்கள். இதுதான் எனக்குப் பிடித்த அளவை. மழை இரண்டையும் ஒரே மடங்கில் நீர்க்கச் செய்வதால் விகிதம் அசையாது. புதிய மாக்மா (பாறைக்குழம்பு) மேலேறி, சூடான அமிலம் அந்தப் பாறையைக் கரைத்தால் மெக்னீசியம் ஏறும். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு: ஏரி மிகச் சூடாகவும் கடும் அமிலமாகவும் இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு ஆவியோடு வெளியேறிவிடும், குளோரைடு குறைவதாலேயே விகிதம் உயரும். எனவே நீர்மட்டத்திலிருந்து கொள்ளளவைக் கணக்கிட்டு, மெக்னீசியத்தின் மொத்த எடையும் கூடியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

மாதிரியைப் பாலித்தீன் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியை அரிக்கும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அங்கேயே தூய நீரால் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மும்பைக்கு வந்து சேர்வதற்குள் சிலிக்காவும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். பிப்பெட்டால் அளக்காமல் எடை பார்த்துக் கலப்பது நல்லது. இந்த நீரின் அடர்த்தி சாதாரணத் தண்ணீரைவிட அதிகம். குளோரைடு பார்க்க வேண்டிய பாட்டிலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுகூட விழக்கூடாது.