அப்டேட் போட்டதும் கடையின் செட்டிங்ஸ் எங்கே போகிறது?

மென்பொருளைப் பொதி செய்து கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுக்கும் கொழும்பு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

புறக்கோட்டையிலிருந்து: அண்ணா, எங்கள் பில்லிங் மென்பொருளை விண்டோஸ் இன்ஸ்டோலர் உருவாக்கும் இன்னோ செட்டப்பில் பொதி செய்கிறோம். புது வெர்ஷன் போட்டதும் கடைப்பெயர், பிரிண்டர் எல்லாம் வெறுமையாகிவிடுகின்றன. சில இடங்களில் ஒரு காசாளருக்குச் சரியாகவும் மற்றவருக்குப் பிழையாகவும் தெரிகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு, தம்பி. முதலாவது, செட்டிங்ஸ் ஃபைலையும் மற்ற ஃபைல்களோடு சேர்த்துச் சும்மா போட்டிருக்கிறீர்கள். வெர்ஷன் இலக்கம் இல்லாத ஃபைலை இன்னோ செட்டப் கேளாமலே மாற்றிவிடும். அந்த வரியில் 'ஒன்லிஇஃப்டஸண்ட்எக்ஸிஸ்ட்' என்ற கொடியை (கட்டளைச் சொல்லை) சேருங்கள். ஃபைல் ஏற்கெனவே இருந்தால் தொடாது.

இரண்டாவது, அந்த ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. மனிஃபெஸ்ட் (எந்த அனுமதியில் ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத பழைய 32 பிட் புரோகிராம் என்றால், அங்கே எழுதப் பார்ப்பதை விண்டோஸ் ஒவ்வொரு பயனரின் வர்ச்சுவல்ஸ்டோர் போல்டருக்குத் திருப்பிவிடும். காசாளருக்கு ஒரு கொப்பி உருவாவது அப்படித்தான். ஃபைலை எல்லாப் பயனருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா போல்டருக்கு மாற்றுங்கள். அங்கேயும் ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொரு சாதாரணப் பயனர் திருத்த முடியாது. அதனால் உங்கள் போல்டருக்கு மட்டும் மாற்றும் அனுமதியை இன்ஸ்டோலரே கொடுக்க வேண்டும்.

தெஹிவளையிலிருந்து: உபுண்டு லினக்ஸ் சேர்வர்களுக்கு டெப் வகைப் பொதி கொடுக்கிறோம். இடிசி போல்டரில் (/etc) உள்ள கொன்ஃபிக் (அமைப்பு) ஃபைலை யாருமே தொடவில்லை. ஆனாலும் அப்டேட்டில் 'உங்களுடையதை வைப்பதா, புதியதைப் போடுவதா' என்று கேட்கிறது. பொதி நிறுவப்பட்டதும் ஓடும் எங்கள் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் சேர்வர் பெயரை அதில் எழுதுவது மட்டும்தான்.

தொட்டது உங்கள் ஸ்கிரிப்ட்தான். டெப் பொதிகளை நிறுவும் டிபிகேஜி மூன்றை ஒப்பிடுகிறது: பழைய பொதியில் வந்த ஃபைலின் எம்டி5 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்), இப்போது மெஷினில் இருப்பது, புதுப் பொதியில் வருவது. பயனர் மாற்றாவிட்டால் புதியதைப் போடும். பொதி மாற்றாவிட்டால் பயனருடையதை விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேட்கும். மாற்றியது மனிதனா ஸ்கிரிப்டா என்று அதற்குத் தெரியாது. கொன்ஃபைல் (டிபிகேஜி இப்படிக் காக்கும் அமைப்பு ஃபைல்) என்று குறித்த ஃபைலில் பொதியின் ஸ்கிரிப்ட் கை வைக்கக் கூடாது என்று உபுண்டுவின் மூலமான டெபியனின் கொள்கையே தடுக்கிறது.

சேர்வர் பெயரைத் தனி ஃபைலில் எழுதி, துண்டு அமைப்பு ஃபைல்களை வைக்கும் கொன்ஃப்.டி போல்டரிலிருந்து வாசிப்பது எனக்குப் பிடித்த வழி. முடியாவிட்டால் மாதிரி ஃபைலை யூஎஸ்ஆர் ஷேர் போல்டரில் வைத்து, பயனரின் மாற்றத்தைக் கவனிக்கும் யுசிஎஃப் கருவி மூலம் இடிசிக்கு எடுத்துச் செல்லுங்கள். மாதிரியை இடிசிக்குள் வைத்தால் டெப் பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் அதையும் தானாகவே கொன்ஃபைல் ஆக்கிவிடும்.

மருதானையிலிருந்து: ரெட் ஹெட் வகை லினக்ஸின் ஆர்பிஎம் பொதியில் அமைப்பு ஃபைலுக்கு 'கொன்ஃபிக்' என்ற குறி போதுமா, 'நோரிப்ளேஸ்' வேண்டுமா?

நோரிப்ளேஸ் போடுங்கள். அப்போது பயனர் மாற்றிய ஃபைல் அப்படியே நிற்கும், புதியது .ஆர்பிஎம்நியூ என்று பக்கத்தில் வரும். வெறும் கொன்ஃபிக் என்றால் புதியது ஏறி உட்காரும், பயனருடையது .ஆர்பிஎம்சேவ் ஆகும். இரவு அப்டேட்டுக்குப் பிறகு காலையில் சேவை எழும்பாமல் கிடப்பதற்கு இது ஒன்றே போதும்.

வெள்ளவத்தையிலிருந்து: நாங்கள் பழைய செட்டிங்ஸை ஒழுங்காகக் காப்பாற்றினோம். அதனாலேயே 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானபோது பல கடைகளில் 15 தான் நின்றது. காப்பாற்றியது பிழையா?

இல்லை, தங்கச்சி. வரி வீதத்தை அந்த ஃபைலில் வைத்ததுதான் பிழை. ஒரே ஃபைலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது. கடையின் வற் பதிவு இலக்கம், அது பதிவு செய்த கடையா என்பது, பில்லின் கீழ் வரும் வாசகம் ஆகியவை கடைக்காரருடையவை. வரி வீதத்தை அவர் தெரிவு செய்வதில்லை. அது மென்பொருளோடு வர வேண்டிய தரவு. ஒவ்வொரு அப்டேட்டிலும் தயங்காமல் மாற்றலாம்.

அதையும் ஒற்றை எண்ணாக வைக்காதீர்கள். 2022 இல் மட்டும் ஜூனில் 8 இலிருந்து 12, செப்டெம்பரில் 15 என்று இரண்டு தடவை மாறியது. 2023 டிசம்பர் பில்லை 2024 ஜனவரியில் மீண்டும் அச்சடித்தால் 15 தான் வர வேண்டும். எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம் என்று அட்டவணையாக வையுங்கள்.

லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி இப்படித்தான் பிரித்திருக்கிறது: பொதியின் ஃபைல் யூஎஸ்ஆர் லிப் பக்கம், நிர்வாகியின் மாற்றம் இடிசி பக்கம். நிர்வாகி மாற்றிய வரிகள் மட்டும் மேலே படியும். பொதிக்கும் நிர்வாகிக்கும் சண்டை வர இடமே இல்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து: உபுண்டு சேர்வரில், கேள்வி கேட்காதே என்னும் நொன்இன்டராக்டிவ் அமைப்பைப் போட்டும் இரவு அப்டேட் கேள்வி கேட்டு நின்றுவிடுகிறது.

அது, பொதிகள் நிறுவும்போது கேள்வி கேட்கப் பயன்படுத்தும் டெப்கொன்ஃபின் கேள்விகளை மட்டும்தான் அடக்கும். இது டிபிகேஜியே கேட்பது. ஃபோர்ஸ்-கொன்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கொன்ஃப்ஓல்ட் என்ற தெரிவுகள் இரண்டையும் டிபிகேஜிக்குக் கொடுங்கள். பழையது நிற்கும், புதியது .டிபிகேஜி-டிஸ்ட் ஆக இருக்கும். காலையில் யாராவது அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பழைய செட்டிங்ஸைப் புதியதோடு சேர்க்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓடியபின் தமிழ், சிங்களக் கடைப்பெயர்கள் சிதைந்துவிட்டன. அன்இன்ஸ்டோலில் செட்டிங்ஸை அழிக்கலாமா?

பவர்ஷெல் 5.1, பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் வரும் குறியாக்க அடையாளம்) இல்லாத ஃபைலை ஆன்ஸி என்ற பழைய குறியாக்கம் என்றே வாசிக்கும். வாசிக்கும்போதும் எழுதும்போதும் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். சேர்க்கும் முன் ஒரு கொப்பியும் எடுங்கள்.

அழிப்பதைப் பற்றி: ஒரு பார்மசியில் மென்பொருள் திறக்கவில்லை என்று உரிமையாளர் தானே அன்இன்ஸ்டோல் செய்து மறுபடி போட்டார். நான் எழுதிய அன்இன்ஸ்டோலர் அவர் மாதக்கணக்காகத் திருத்திய லேபல் அமைப்புகளை எல்லாம் துடைத்துவிட்டது. அன்றிரவு பத்து மணிவரை அவரோடு இருந்து மறுபடி அடித்தேன். டெபியனில் ரிமூவ் செய்தால் கொன்ஃபிக் மிஞ்சும், பேர்ஜ் செய்தால்தான் போகும். விண்டோஸிலும் அந்தப் பிரிவைச் செய்யுங்கள்: சாதாரணமாக விட்டுவையுங்கள், அழிப்பதற்குத் தனியாகக் கேளுங்கள், கேள்வியைத் தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள்.