மஞ்சள் சட்டை யாருடையது? ரசிகர், பிராண்ட், வியாபாரம்: கேள்வி பதில்

டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் அணி ஒன்றுக்கு ஸ்பான்சர் பிடிக்கிற, சட்டை விற்கிற வேலை பார்த்தவன் நான். இப்போது பாளையங்கோட்டையில் சொந்தமாக விளம்பர வேலை. அணிகளின் பிராண்ட், ரசிகர்கள், பணம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். யாரை எத்தனையாவதாக இறக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்காதீர்கள். அதற்கு உங்கள் தெரு டீக்கடையிலேயே ஆள் இருப்பார்.

வள்ளியூர்: அண்ணாச்சி, ஐ.பி.எல். அணிக்கு டிக்கெட்டில்தான் காசு வருகிறதா?

இல்லை. 2023 முதல் 2027 வரைக்கான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. கிரிக்கெட் வாரியத்தின் பங்கு போக மீதி அணிகளுக்கு வரும். முதல் பணம் அதுதான். அப்புறம் சட்டையில் பெயர் போடும் ஸ்பான்சர்கள், அதற்குப் பிறகுதான் டிக்கெட். சட்டை, தொப்பி விற்பதெல்லாம் கடைசி. அதனால் கடைசி இடத்தில் முடித்த அணியும் பட்டினி கிடக்காது.

அப்படியானால் ரசிகர் எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்பான்சரிடம் விலை பேச. 'நாங்கள் தோற்றாலும் எங்கள் ஆட்கள் டிவியை அணைக்க மாட்டார்கள்' என்று தைரியமாகச் சொல்ல முடிந்த அணி, கேட்கிற தொகையைக் கூட்டிக் கேட்கும்.

சுரண்டை: தோனி அடுத்த வருஷம் ஆடுவாரா?

அவரைத்தான் கேட்க வேண்டும்.

அம்பாசமுத்திரம்: எங்கள் ஊர் டென்னிஸ் பால் போட்டிக்கு 'அம்பை சூப்பர் கிங்ஸ்' என்று அணி போடுகிறோம். சென்னை அணியின் சிங்கத்தையே சட்டையில் அடிக்கலாமா?

சிங்கத்தைத் தொடாதீர்கள். லோகோவெல்லாம் பதிவு செய்த வணிகச் சின்னம். ஊர்ப் பையன்கள் விளையாடுவதை யாரும் தேடி வரமாட்டார்கள், சரி. ஆனால் அந்தச் சட்டையில் கீழே ஒரு நகைக்கடையோ மொபைல் கடையோ விளம்பரம் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அங்கேதான் சிக்கல். சொந்தமாக ஒரு சின்னம் வரையச் சொல்லுங்கள். தாமிரபரணி ஓடுகிற ஊரில் வரைய ஒன்றுமா இல்லை?

கல்லிடைக்குறிச்சி: போன வருஷம்தான் 8 நம்பர் போட்ட ஜடேஜா ஜெர்சி வாங்கினேன். 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். 2023 பைனலில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தவரை! விசுவாசம் ரசிகனுக்கு மட்டும்தானா?

ஆமாம், ரசிகனுக்கு மட்டும்தான். அணி என்பது சம்பளப் பட்டியலுக்கு உச்சவரம்பு வைத்து நடத்துகிற நிறுவனம். வயதையும் விலையையும் பார்க்காமல் இருக்க முடியாது. நிர்வாகத்தை அதற்காகத் திட்டுவதில் பயனில்லை. எப்படி வழியனுப்பினார்கள் என்பதற்காகத் திட்டலாம், அது நியாயம்.

சட்டை விற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெயர் இல்லாத ஜெர்சி வாங்குங்கள். வீரர் பெயர் போட்டது அந்த வீரர் போகிற வரைக்கும்தான். சங்கர் நகர் மைதான வாசலில் மேஜை போட்டு விற்றபோது முதலில் தீர்ந்துபோனது எப்போதும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் சைஸ். பெரியவர்கள் சட்டையைத் தூக்கி, முதுகைப் பார்த்து, விலையைப் பார்த்து வைத்துவிடுவார்கள். பிள்ளைக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். அடுத்த முப்பது வருட ரசிகன் அந்த மேஜையில்தான் உருவாகிறான். அது புரியாத நிர்வாகம் எக்ஸ்.எல். சைஸாக அடித்துக் கொட்டி, கடைசியில் ஊழியர்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கும்.

செங்கோட்டை: சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தாச்சு. புளியரைக்கு அந்தப் பக்கம் உள்ள கேரளக்காரர்களும் இனி மஞ்சள்தானா?

வருவார்கள். அவர் போனால் போவார்கள். கொச்சி அணி 2011-இல் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போனது. சொந்த அணி இல்லாத ஊரில் ஆளைப் பிடித்துத்தான் தொங்க வேண்டும். வந்தவர்களைத் தங்கவைப்பது நிர்வாகத்தின் கையில். மலையாளத்தில் நாலு பதிவு போட்டால் மட்டும் போதாது.

மேலப்பாளையம்: நான் மும்பை ரசிகன். 2024-இல் சொந்த கேப்டன் ஹர்திக் பாண்டியாவையே வான்கடேயில் கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்களே, அது விசுவாசமா துரோகமா?

கோபமும் விசுவாசத்தில் சேர்த்திதான். அக்கறை இல்லாதவன் மைதானத்துக்கே வரமாட்டான். ஹர்திக்கைக் கேப்டனாக்கியது தவறென்று நான் சொல்லவில்லை. ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த ரோஹித்தை 2023 டிசம்பரில் ஓர் அறிக்கையோடு இறக்கினார்கள் பாருங்கள், அதுதான் பிராண்ட் வேலையில் பிழை. ரோஹித்தே ஹர்திக் தோளில் கைபோட்டு அறிவித்திருந்தால் பாதிக் கூச்சல் குறைந்திருக்கும். அந்த சீசனில் மும்பை கடைசி இடம்.

தூத்துக்குடி: என் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். 2016-இல் டி.என்.பி.எல். முதல் கோப்பையே எங்கள் டூட்டி பேட்ரியாட்ஸ்தான் வாங்கியது. அடுத்த வருஷம் பைனல் வரை வந்தது. பிறகு அணியைச் சேலத்துக்குக் கொண்டுபோய் 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்' ஆக்கிவிட்டார்கள். நாங்கள் யாருக்குக் கைதட்ட?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான்.

இரண்டு ஊர்களை வைத்துப் பாருங்கள். ஹைதராபாத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் 2009-இல் கோப்பை வாங்கியது. 2012-இல் ஒப்பந்தம் ரத்து. 2013-இல் சன்ரைசர்ஸ் வந்தது. உரிமையாளர் வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் ஊர் அதே ஊர், உப்பல் மைதானம் அதே மைதானம். மக்கள் வந்துவிட்டார்கள். உங்களுக்கு நடந்தது தலைகீழ். லீக்கில் அணியின் இடம் தொடர்ந்தது, ஊர் போய்விட்டது. கோப்பை வரலாறு ஏட்டில் சேலத்தோடு சேரும். தூத்துக்குடிக்காரன் மனதில் சேராது. சேலத்துக்காரனும் அந்தக் கோப்பையைத் தன்னுடையது என்று கொண்டாட மாட்டான். அதாவது லீக்கின் முதல் கோப்பை இன்றைக்கு அநாதை. முதலாளி மாறலாம், நிறம் மாறலாம், ஊரை மட்டும் கழற்றக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

யாருக்குக் கைதட்ட என்றால், பக்கத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் இருக்கிறது.

தூத்துக்குடி: நெல்லைக்கா? அதற்கு நான் டிவியை அணைத்துவிடுவேன்.

பாளையங்கோட்டை: 1986 வரைக்கும் ஒரே மாவட்டமாகத்தானே வே இருந்தோம்?

தூத்துக்குடி: அதனால்தான் பிரிந்தோம்.

பாளையங்கோட்டை: எங்கள் அணியாவது எங்கள் ஊரிலேயே 2023 பைனல் ஆடியது.

தூத்துக்குடி: கோவையிடம் 104 ரன்னில் தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சண்டை போடுங்கள், நல்லதுதான். இரண்டு அணியும் இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே டிக்கெட் விற்றிருக்கும். அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத இரண்டு ஊர், பழைய பங்காளிப் பகை. விளம்பரக்காரன் கேட்டாலும் கிடைக்காத சரக்கு அது. விட்டுவிட்டார்கள்.

தாழையூத்து: எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். சென்னை சூப்பர் கிங்ஸே எங்கள் ஊர் அணிதான். இந்தியா சிமெண்ட்ஸ் முதல் ஆலை 1949-இல் ஓட ஆரம்பித்தது சங்கர் நகரில். அந்தச் சிமெண்ட் காசில்தான் 2008-இல் 9.1 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். மஞ்சள் எங்களுடையது.

பாளையங்கோட்டை: அப்படியானால் பெயர் ஏன் தாழையூத்து சூப்பர் கிங்ஸ் இல்லை?

தாழையூத்து: மைதானத்தை யார் போட்டது? நீங்கள் பைனல் பார்த்த மைதானம் கம்பெனி மைதானம்தானே?

அண்ணாச்சி, உங்கள் பெருமையைக் குறைக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2015-லேயே அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்தாகிவிட்டது. 2024 டிசம்பரில் சிமெண்ட் நிறுவனம் அல்ட்ராடெக் கைக்குப் போனது. அன்றைக்குத் தாழையூத்தில் யாராவது மஞ்சள் சட்டையைக் கழற்றினார்களா? இல்லை. அப்படியானால் அந்தப் பற்று சிமெண்டால் வந்ததில்லை.

எதனால் வந்தது? ஐ.பி.எல்.லில் தமிழ்நாட்டுக்கு இருந்தது ஒரே அணி. 'சென்னை' என்று பெயர் இருந்தாலும் நாம் அதை மாநில அணியாக எடுத்துக்கொண்டோம். ஏப்ரல் மாதம் ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பை, முதுகில் தோனியின் 7 நம்பர், ராத்திரி முழுக்க உட்கார்ந்து 600 கிலோமீட்டருக்கு மேல் போய், ஒரு மேட்ச் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். 2016, 2017 இரண்டு சீசன் அணியே தடையில் இருந்தது. 2018-இல் திரும்பி வந்தது, சேப்பாக்கத்தில் ஒரே மேட்ச், காவிரிப் போராட்டத்தில் மற்றதெல்லாம் புனேக்கு மாறின. ரசிகர்கள் தனி ரயிலில் புனே போனார்கள். அந்த வருஷம் கோப்பை. ஜெயித்ததால் கூட்டம் சேர்ந்தது என்பவர்களுக்கு இதுதான் பதில். இல்லாமல் போன இரண்டு வருஷத்தில்தான் பிடிப்பு இறுகியது.

மைதானம் விஷயத்தில் மட்டும் தாழையூத்து சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நல்ல மைதானம் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் டி.என்.பி.எல். வந்தே இருக்காது.

தாழையூத்து: அது போதும் எனக்கு.

கடையநல்லூர்: தோனி போனால் அணி விழுந்துவிடுமா?

இரண்டாவது தோனி கேள்வி, ஆனாலும் இதில் விஷயம் இருக்கிறது. 2008-இல் 15 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தவரை, 2025-க்கு 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தார்கள். சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து வருஷம் ஆனவரை உள்ளூர் வீரர் கணக்கில் வைக்கலாம் என்ற விதி. அந்த சீசனில் அணி முதல்முறையாகக் கடைசி இடம். ஆனாலும் அவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் எதிரணி ஊரிலும் மஞ்சள் கூட்டம் எழுந்து நிற்கிறது. பிராண்டுக்கு அது வரமும்தான், கடனும்தான். தன் விக்கெட் விழட்டும் என்று சொந்த ரசிகனே காத்திருக்கிற நிலைமையில் மற்ற பத்துப் பேர் ஆடுகிறார்கள். விழாது, ஆனால் இரண்டு மூன்று வருஷம் இளைக்கும்.

நாங்குநேரி: சென்னை அணியின் பங்கு சந்தைக்கு வெளியே கிடைக்கிறதாமே. வாங்கலாமா?

ஆடிட்டரைக் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: ரசிகனாக இருந்து பங்கு வாங்காதீர்கள். பட்டியலிடாத பங்கை விற்க நினைக்கிற அன்றைக்கு வாங்க ஆள் இருக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை: ஐ.பி.எல். சமயத்தில் ஜூஸ் கடைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, சிங்கம் படமும் தோனி படமும்...

மேலே அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மஞ்சள் அடியுங்கள். சிங்கம் கூடாது. தோனி படம் அதைவிடக் கூடாது.

திசையன்விளை: அண்ணாச்சி, தோனி...

அடுத்தவர்.

சேரன்மகாதேவி: நெல்லை அணிக்கு ரசிகர் சேர என்ன செய்யணும்?

முதல் தடங்கல் ஆட்ட அட்டவணை. இந்த லீக் கோவை, சேலம், திண்டுக்கல், நெல்லை என்று முகாம் முகாமாக நகர்கிறது. சொந்த ஊரில் ஆடும் நாள் சொற்பம். அதனால் மீதிப் பத்து மாதம்தான் வேலை. அணியின் பையன்களை ஏர்வாடிக்கும் சங்கரன்கோவிலுக்கும் பள்ளிக்கூடப் பயிற்சிக்கு அனுப்பணும். 2023-இல் அஜிதேஷ் குருசாமி சதம் அடித்தபோது ஊரே பேசியது. அந்த வாரமே அவர் ஒரு பள்ளியில் நின்றிருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் சென்னை ஜெர்சியில் வருகிறார்கள் என்று நிர்வாகங்கள் எரிச்சல்படுகின்றன. எதற்கு? வந்தார்களே. பிள்ளைகள் சைஸ் சட்டையை வாசலில் வையுங்கள்.

தூத்துக்குடி: எங்களுக்கு அணி திரும்ப வருமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

முதலில் மைதானம். அதற்கு என்னிடம் வந்து பயனில்லை, உங்கள் மாவட்ட கிரிக்கெட் சங்கத்தைப் பிடியுங்கள்.